சொன்னா வேலை போயிருமாங்க? வாசகர் கேள்வி – பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல, "வேலை செய்யற எடத்துல மனசு சரியில்லீன்னா யார்கிட்ட சொல்லுவீங்க"ன்னு கேட்டிருந்தோம். வந்த கடுதாசி, வாட்ஸப் எல்லாத்தையும் ஒட்டுக்கா வெச்சுப் படிச்சேன். முக்கால்வாசி பேரு கடைசி வரியில ஒரே விசயந்தான் எழுதியிருக்காங்க, "தயவு செஞ்சு பேர் போட்டராதீங்க". அதனால யார் பேரும் போடலீங்க, ஊர் மட்டுந்தான். நீளமா எழுதுனவங்களோட கேள்விய சுருக்கியிருக்கேன், விசயம் மாறல.

திருப்பூர், அனுப்பர்பாளையம் பக்கம்: அக்கா, நான் பனியன் கம்பெனியில பவர் டேபிள், அதாவது தையல் மெஷின் லைன் சூப்பர்வைசர். என் லைன்ல ஓவர்லாக் அடிக்கற அக்கா ஒருத்தங்க, நாலு வருசமா இருக்காங்க, கை அவ்வளவு வேகம். ரெண்டு மாசமா ஆளே மாறிட்டாங்க. டீ டைம்ல யாரோடயும் உக்கார்றதில்ல, பாத்ரூம் போயிட்டு வந்தா கண்ணு செவந்திருக்குது, பீஸ் பாதியா கொறஞ்சு போச்சு. கேக்கலாம்னா எனக்கு 26 வயசு, ஆம்பள, பாக்கறவங்க வேற மாதிரி பேசுவாங்க. கேக்காம இருக்கவும் மனசு வரல. எப்படி ஆரம்பிக்கறது?

தம்பி, நீங்க கவனிச்சதே பெரிய விசயமுங்க. லைன்ல ஒரு ஆள் மாறிப்போனா முக்கால்வாசி பேரு கண்ணுல படறது பீஸ் கணக்குதான், டீக்கு தனியா உக்கார்றது படறதே இல்ல.

மொதல்ல எடத்தப் பாருங்க. மெஷின் ஓடிட்டு இருக்கறப்ப, பக்கத்துல ஹெல்ப்பர் நின்னுட்டு இருக்கறப்ப கேக்காதீங்க. ஆபீஸ் ரூமுக்கும் கூப்படாதீங்க, ஆபீசுக்கு வரச் சொன்னாலே கணக்கு முடிக்கத்தான் கூப்படறாங்கன்னு பதறிப்போயிருவாங்க. அவங்களோட ஒரே பஸ்ல வர்ற, வயசுல மூத்த, கேட்டத வெளிய விடாத அக்கா ஒருத்தராச்சும் உங்க லைன்ல இருப்பாங்கல்ல, அவங்கள கூட வெச்சுக்கோங்க. எல்லாரும் பாக்கற எடமா, ஆனா பேசறது யாருக்கும் கேக்காத தூரமா இருந்தா போதும், கேண்டீன் ஓரம், கேட்டுக்குப் பக்கம்னு. வேண்டாத பேச்சும் வராது, அவங்களுக்கும் ஒரு தெம்பு.

அடுத்தது மொத வார்த்தை. "ஏனுங்க்கா பீஸ் கொறையுது"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா அவங்க "நாளைல இருந்து சரி பண்ணிக்கறனுங்க"ன்னு சொல்லிட்டு மெஷினுக்கு போயிருவாங்க, பேச்சு அங்கயே முடிஞ்சிரும். நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க. "அக்கா, கொஞ்ச நாளா டீக்கு கூட வர்றதில்ல, கண்ணு செவந்திருக்குது, எனக்கு வெசனமா இருக்குது, வேலையப் பத்தி கேக்க வரலீங்க, சொல்லோணும்னு தோணுனா சொல்லுங்க, இல்லீன்னா வேண்டாம்." இவ்வளவுதான், சொல்லிட்டு சும்மா நில்லுங்க. முக்காவாசி "ஒண்ணுமில்ல தம்பி, தலவலி"ன்னுதான் பதில் வரும். தோண்டாதீங்க. நாலஞ்சு நாள் கழிச்சு மறுக்கா கேளுங்க. ரெண்டாவது தடவ கேக்கறப்பத்தான் இந்தப் பையன் நெசமாவே கேக்கறான்னு நம்பிக்கை வருது, நான் பேசுன பல பேரு இதத்தான் சொல்லியிருக்காங்க.

அவங்க வாய் தொறந்துட்டா நீங்க வாய மூடிக்கோணும். "எல்லார் ஊட்டுலயும் இருக்கறதுதானுங்க்கா", "கொழந்தைங்க மூஞ்சியப் பாத்து தேத்திக்கோங்க", "ஒருக்கா கோயிலுக்குப் போயிட்டு வாங்க", எல்லாம் நல்ல மனசோட சொல்றதுதான், ஆனா கேக்கறவங்களுக்கு "போதும், நிறுத்துங்க"ன்னு கேக்குது. வழி சொல்லோணும்னே இல்லீங்க. "இத்தன நாளா இத தனியா வெச்சுட்டு இருந்திருக்கீங்களா"ன்னு கேட்டா அதுலயே அவங்களுக்கு பாதி பாரம் எறங்கும். இருக்கவே புடிக்கல, போய்ச் சேந்துட்டா தேவலைங்கற மாதிரி பேச்சு வந்துதுன்னா மட்டும் பயந்து பேச்ச மாத்தாதீங்க. "சாகோணும்னு நெனப்பு வருதுங்களா"ன்னு நேராவே கேக்கலாம். கேட்டா இல்லாத நெனப்ப நாமளே உண்டாக்கிருவமோன்னு பயப்படறாங்க, அப்படி ஆகறதில்லீங்க, கேட்டாத்தான் அவங்க சொல்ல முடியும். ஆமான்னு சொன்னா அன்னைக்கு அவங்கள தனியா ஊட்டுக்கு அனுப்பாதீங்க, கடைசி கேள்வியில இதப் பத்தி எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க.

உங்ககிட்ட சொன்னத அவங்க சம்மதம் இல்லாம ஃப்ளோர் மேனேஜர்கிட்ட கொண்டு போகாதீங்க. டார்கெட் கொறைக்கறதுக்காக மேல சொல்ல வேண்டியிருந்தா "உடம்பு சரியில்ல, கொஞ்ச நாளைக்கு ஈசியான ஆபரேஷன் குடுக்கறேன்"னு சொன்னாப் போதும். ஒன்றரை ஷிஃப்ட்ட ஒரு ஷிஃப்ட்டா கொறைக்கறதா இருந்தா அவங்ககிட்ட கேட்டுட்டு செய்யுங்க, ஏன்னா சனிக்கிழமை சம்பளம் கொறைஞ்சா ஊட்டுல அதுக்கு ஒரு பதில் சொல்லோணும், நல்லது பண்றேன்னு இன்னொரு வெசனத்தக் கொண்டு வந்தரக் கூடாது.

இன்னொண்ணு. காரணம் கம்பெனிக்குள்ளயே இருந்தா, யாராச்சும் தொந்தரவு குடுக்கறாங்கன்னா, இத மனசு பிரச்சனைன்னு மட்டும் வெச்சு ஆறுதல் சொல்லி அனுப்பறது பெரிய அநியாயமுங்க. 10 பேரு, அதுக்கு மேல வேலை செய்யற எல்லா எடத்துலயும், பொம்பளைங்களுக்கு வர்ற பாலியல் தொந்தரவ விசாரிக்க உள் புகார் குழு இருக்கோணும்னு 2013லயே சட்டம் வந்தாச்சு. அந்தக் குழுவுல யார் யாரு இருக்காங்கன்னு இன்னைக்கே தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

கோவை, சரவணம்பட்டி: ஐடி கம்பெனியில வேலை, வயசு 27. ஆறு மாசமா பதட்டத்துக்கு மாத்திரை எடுக்கறேன், இப்ப பரவால்ல. ஆனா நைட் கால்ஸ் இருந்தா மறுநாள் முடியறதில்ல. எங்க ஹெச்ஆர் "மனம் திறந்து பேசுங்க"ன்னு மெயில் அனுப்பறாங்க. அடுத்த மாசம் அப்ரைசல். மேனேஜர்கிட்ட சொல்லலாமாக்கா?

அம்மிணி, சொல்லியே ஆகோணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. உங்க வைத்தியத்தப் பத்தி டாக்டரோ ஆஸ்பத்திரியோ வெளிய சொல்லக் கூடாதுன்னு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துலயே இருக்குது, 2018 மே 29ல இருந்து அது அமல்ல இருக்குது. அதனால கம்பெனிக்கு எவ்வளவு தெரியோணும்கறத முடிவு பண்ற உரிமை உங்க கையிலதான்.

மெயில் வந்துருச்சுன்னு மட்டும் பாத்து எல்லாத்தையும் கொட்டிராதீங்க. உங்களுக்கு முன்னாடி அந்த டீம்ல யாராச்சும் லீவு கேட்டிருப்பாங்க, கொழந்தைக்கு உடம்பு சரியில்லன்னோ, அப்பாவ ஆஸ்பத்திரியில சேத்தோம்னோ. அப்ப உங்க மேனேஜர் எப்படி நடந்துக்கிட்டாரு, அத டீம் மீட்டிங்ல இழுத்துப் பேசுனாரா, ரேட்டிங்ல கை வெச்சாரா, இல்ல சத்தமில்லாம வேலைய வேற ஆளுக்கு மாத்திக் குடுத்தாரா, அதுதான் உங்களுக்கு அளவு. நல்ல மாதிரி ஆளா இருந்தாலும் நோய் பேர சொல்ல வேண்டியதில்ல, தேவைய சொல்லுங்க. "ஒரு வைத்தியம் போயிட்டு இருக்குது, ராத்திரி பத்து மணிக்கு மேல கால் இருந்தா மறுநாள் வேலை பாதிக்குது, வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல வேண்டாம், அதுக்கு பதிலா காலைல சீக்கிரம் லாகின் பண்ணிக்கறேன்." இந்த மாதிரி சொன்னா அவருக்கும் என்ன பண்ணோணும்னு தெரியும். தேவைப்பட்டா டாக்டர்கிட்ட "சிகிச்சையில இருக்காங்க, ராத்திரி தூக்கம் கெடக் கூடாது"ன்னு மட்டும் லெட்டர் வாங்கிக்கலாம், நோய் பேரு எழுத வேண்டாம்னு நீங்களே சொல்லலாம். பேசுனதுக்கப்பறம் ஒரு சின்ன மெயில் போட்டு வெச்சுக்கோங்க, "இன்னைக்கு பேசுனபடி" அப்படின்னு.

அப்ரைசல் முடியட்டும்னு ஒரு மாசம் பொறுத்துச் சொன்னாலும் அது கோழைத்தனம் ஒண்ணும் இல்ல. உங்க பொழப்ப காப்பாத்திக்கறதும் வைத்தியத்துல ஒரு பகுதிதான் கண்ணு. இன்சூரன்ஸ் பத்தியும் எழுதியிருந்தீங்க. உடம்பு நோய்க்கு இருக்கற அதே அடிப்படையில மனசு நோய்க்கும் காப்பீடு குடுக்கோணும்னு அதே சட்டத்தோட 21ஆம் பிரிவு சொல்லுது. ஆனா நெறைய பாலிசி அட்மிட் ஆனாத்தான் பணம் தர்ற மாதிரி இருக்குது, மாசா மாசம் டாக்டர் ஃபீஸ், மாத்திரைக்கு வருமான்னு உங்க பாலிசியப் படிச்சுப் பாருங்க.

மாத்திரைய மட்டும் பரவால்லன்னு தோணுன ஒடனே நீங்களா நிறுத்திராதீங்க.

கோவை, வடவள்ளி: எங்க ஆபீஸ்ல மாசம் ஒருக்கா யோகா கிளாஸ் வெச்சிருக்காங்க. மனநலத்துக்கு இது போதுமா?

யோகா நல்லதுங்க, செய்யுங்க. ஆனா போதாது. ஒன்பது மணி நேர வேலைக்கு பன்னண்டு மணி நேரம் உக்கார வெச்சுட்டு, எல்லார் முன்னாடியும் திட்டிட்டு, மூச்ச இழுத்து விடச் சொன்னா மூச்சுதான் வரும். உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பர்ல வேலையிட மனநலத்துக்குன்னே வழிகாட்டி போட்டுது, அதுல ஆளுங்கள மட்டும் சரி பண்ணப் பாக்காம வேலை நடக்கற விதத்தையும் மாத்தோணும், மேனேஜர்களுக்கு பயிற்சி குடுக்கோணும்னு சொல்லியிருக்காங்க. உங்க ஆபீஸ்ல அந்த யோகா கிளாஸுக்கு மேனேஜரும் வந்து உக்கார்றாரான்னு பாருங்க.

கோவை, கணபதி: வணக்கமுங்க. லேத் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேன், 18 பேரு, மோட்டார் பம்ப் ஸ்பேர் பண்றோம். என் மகன் காலேஜ் படிக்கறான், "அப்பா, வேலைக்காரங்ககிட்ட மனசு எப்படி இருக்குதுன்னு கேளுங்க"ங்கறான். எங்க காலத்துல இதெல்லாம் ஏதுங்க. பேச விட்டா லீவு கேப்பாங்க, அட்வான்ஸ் கேப்பாங்க. டெலிவரி யார் பாக்கறது? நானே ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துக்கறேன், நான் யார்கிட்டப் போய் சொல்றது?

அண்ணா, உங்க கடுதாசிய ரெண்டு மூணு தடவ படிச்சனுங்க. மகன் சொன்னத மறுக்கத்தான் எழுத ஆரம்பிச்சிருக்கீங்க, ஆனா கடைசி வரி உங்களப் பத்தின வரி. அதுல இருந்தே ஆரம்பிக்கறேன்.

ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்கார்றது எத்தன நாளா நடக்குது? ரெண்டு வாரத்துக்கு மேல தொடர்ந்து தூக்கம் கெட்டு, சோத்துல ருசி போயி, முந்தி புடிச்சதெல்லாம் புடிக்காம, எதுக்கெடுத்தாலும் எரிச்சலா இருந்துதுன்னா ஒரு டாக்டரப் பாத்தரோணும். சக்கரைக்கும் பிரஷருக்கும் பாக்கறீங்கல்ல, அதே ஆஸ்பத்திரியில அடுத்த ரூம்தான். நம்ம பக்கத்துல மொதலாளிமாருங்க சங்கத்துல கூடுனா கரண்ட் பில்லு, ஜிஎஸ்டி, பேங்க் வட்டி, பெரிய கம்பெனிக்காரங்க பில்லுக்கு பணம் தராம மூணு மாசம் இழுக்கறது எல்லாம் பேசறீங்க. அதனால ராத்திரி தூக்கம் போச்சுன்னு மட்டும் யாரும் யார்கிட்டயும் சொல்றதில்ல. நீங்க ஒருத்தரு சொல்லிப் பாருங்க, டீ குடிச்சுட்டு இருக்கற அஞ்சு பேர்ல ரெண்டு பேராச்சும் "எனக்கும் அப்படித்தானுங்க"ன்னு சொல்லுவாங்க, எனக்கு அதுல சந்தேகமே இல்ல. கடன் கூடிப்போச்சு, மானம் போயிருமோன்னு சொல்லாம உள்ளயே வெச்சிருந்த மொதலாளிங்கள நாம எழந்திருக்கோம், உங்களுக்கே ஒருத்தராச்சும் ஞாபகம் வருவாங்க. ஊட்டுல அக்காகிட்டயும் சொல்லுங்க, அவங்களுக்கு தெரியாதுன்னு நீங்க நெனைக்கறீங்க, பக்கத்துல படுத்திருக்கறவங்களுக்கு தெரியாம இருக்காதுங்க.

இப்ப ஒர்க்‌ஷாப்புக்கு வருவோம். உங்க காலத்துலயும் இருந்துதுங்கண்ணா. குடிச்சே அழிஞ்சு போனான், சொல்லாமக் கொள்ளாம வேலைய விட்டு ஓடிட்டான், அவனுக்கு கெரகம் சரியில்லன்னு வேற வேற கணக்குல எழுதிட்டோம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி 2015-16ல தமிழ்நாடு உட்பட 12 மாநிலத்துல எடுத்த தேசிய மனநல ஆய்வுல பெரியவங்கள்ல 10.6 சதவீதம் பேருக்கு அப்பவே ஏதோ ஒரு மனநலப் பிரச்சனை இருந்துதுன்னு கண்டாங்க. 18 பேருக்கு கணக்கு போட்டா உங்க பட்டறையில ரெண்டு பேரு வருது. லேத்துல பேரிங் சத்தம் லேசா மாறுனாலே நீங்க ஆபீஸ்ல இருந்தே காது குடுத்துக் கேட்டு மெஷின நிறுத்தச் சொல்றவரு, ஆளோட சத்தம் மாறுனாலும் அந்தக் காதுக்கு கேக்காமப் போகாதுங்க. தூக்கம் இல்லாத ஆளு சுத்திட்டு இருக்கற லேத் சக்கு முன்னாடி நிக்கறது அவனுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. டெலிவரிக் கவலைக்கும் ஒண்ணு சொல்றேன், மனச்சோர்வு, பதட்டம் ரெண்டால மட்டும் உலகத்துல வருசத்துக்கு 1200 கோடி வேலை நாள் போகுதுன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. ஆக, பேசாம இருந்தாலும் லீவு விழுகத்தான் செய்யுது, என்ன காரணம்னு உங்களுக்கு தெரியாம விழுகுது, அவ்வளவுதான்.

மகன் சொன்ன மாதிரி ஒவ்வொருத்தரா கூப்பிட்டு "மனசு எப்படி இருக்குது"ன்னு கேட்டா அவங்க மெரண்டு போயிருவாங்க. சம்பளம் சொன்ன தேதியில போகட்டும். நோம்பிக்கு லீவு உண்டா இல்லையாங்கறத மொத நாள் வரைக்கும் இழுக்காம முன்கூட்டியே சொல்லிருங்க. தப்பு பண்ணவன எல்லார் முன்னாடியும் திட்டாம தனியா கூப்பிட்டு திட்டுங்க. இத மூணு மாசம் விடாமச் செஞ்சாலே உங்ககிட்ட வந்து பேசலாம்னு அவங்களுக்கு தோணும். அதுக்கப்பறம் ஒரு நாளு டீ குடிக்கறப்ப, "நாலு மாசமா எனக்கு தூக்கமே இல்ல, டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன், இப்ப பரவால்ல, உங்கள்ல யாருக்காச்சும் அப்படி இருந்தா சொல்லுங்க, அரை நாள் சம்பளத்தோட லீவு தர்றேன், போயிட்டு வாங்க"ன்னு நீங்களே சொல்லிப் பாருங்க. மொதலாளி வாயில இருந்து வந்தா அந்த ஒரு பேச்சு நூறு போஸ்டர விட மேலுங்க. மொத ஆளு வந்து சொல்றப்ப அவனுக்கு என்ன நடக்குதுன்னு மத்த 17 பேரும் பாத்துட்டு இருப்பாங்க. அவன் சம்பளமோ மரியாதையோ ஒரு ரூபா கொறைஞ்சாலும் அடுத்த ஆளு வரமாட்டான்.

அட்வான்ஸ் கேப்பாங்கங்கறீங்க, கேக்கட்டுமுங்க. கந்து வட்டிக்கு வாங்கிட்டு தூங்காம இருக்கறவன் உங்ககிட்ட வந்து கேட்டா அது நல்ல சேதி.

திருச்செங்கோடு: போர்வெல் போடற ரிக் வண்டியில வேலை. எட்டு மாசம் வெளி மாநிலம், ஊட்டுக்கு வர்றதே மழைக்காலத்துலதான். ராத்திரியெல்லாம் போர் போட்டுட்டு பகல்ல வண்டிக்கு அடியில படுக்கறோம். கொஞ்ச நாளா தலைக்குள்ள என்னமோ ஓடிட்டே இருக்குது, குடிச்சாத்தான் தூக்கம். கூட இருக்கறவங்ககிட்ட சொன்னா சிரிப்பாங்க. இங்க எந்த டாக்டர்னு போறது, பாஷையும் தெரியாது.

தம்பி, 14416னு ஒரு நம்பர், ஃபோன்ல இப்பவே ஏத்தி வெச்சுக்கோங்க. டெலி மானஸ்னு பேரு, 2022 அக்டோபர் 10ல இருந்து மத்திய அரசு நடத்துது, காசு இல்ல, ராத்திரி எத்தன மணிக்கு வேணும்னாலும் கூப்படலாம். 20 பாஷையில பேசறாங்க, தமிழும் இருக்குது, ஆந்திராவுல இருந்தாலும் மத்தியப் பிரதேசத்துல இருந்தாலும் பாஷை கேக்கறப்ப தமிழத் தேர்ந்தெடுத்துக்கோங்க. சமையல்காரர்ல இருந்து டிரில்லர் வரைக்கும் ஒரே வண்டியில கெடக்கறீங்க, தனியா பேச எடம் இருக்காது, கடைக்குப் போற மாதிரி கொஞ்ச தூரம் நடந்துட்டு பேசுங்க.

குடிச்சா தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், ஆனா அந்தத் தூக்கம் ஆழமா நிக்காது, மூணு நாலு மணி நேரத்துல முழிப்பு வரும், மறுநாள் வெசனம் இன்னும் கூடும், அதுக்கு அடுத்த நாள் இன்னொரு பெக் தேவைப்படும். தெனமும் நெறைய குடிச்சுட்டு இருக்கற ஆளா இருந்தா திடீர்னு நீங்களா நிறுத்தாதீங்க, கை நடுங்கி வலிப்பு வர்ற அளவுக்கு போகலாம், டாக்டர் சொல்லி கொறைக்கறதுதான் சரி. கூட இருக்கறவங்க சிரிப்பாங்கன்னு எழுதியிருக்கீங்க. எல்லார்கிட்டயும் சொல்ல வேண்டாம், ஊட்டு ஞாபகம் வர்றப்ப தனியாப் போயி உக்கார்ற ஆளு ஒருத்தன் அந்த வண்டியிலயும் இருப்பான், அவன்கிட்ட சொல்லுங்க.

ரிக் ஓனருங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். வண்டி கெளம்பறப்ப டீசல், பிட், கேசிங் எல்லாம் கணக்கு பாக்கறீங்க, ஆளுங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போறதுக்கு நடுவுல ஒருக்கா முறை வெச்சு லீவு போடுங்க. எட்டு மாசம் கொழந்தை மூஞ்சிய ஃபோன்லயே பாத்துட்டு இருக்கறவன் நல்லா இருக்கோணும்னா எப்படிங்க?

ஈரோடு: எங்க ஆபீஸ்ல கூட வேலை செய்யறவர் தற்கொலைக்கு முயற்சி பண்ணி, பொழச்சு, அடுத்த வாரம் திரும்ப வேலைக்கு வர்றாரு. எப்படி மொகம் குடுக்கறதுன்னே தெரியல. கேஸ் கீஸ் ஆகும்னு ஆபீஸ்ல பேசிக்கறாங்க.

கேஸப் பத்தி மொதல்ல சொல்லிடறேன். தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கோணும், வழக்கு விசாரணை, தண்டனை கூடாதுன்னு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 115ஆம் பிரிவு சொல்லுது. அவங்களுக்கு சிகிச்சையும் மறுவாழ்வும் குடுக்கறது அரசாங்கத்தோட கடமைன்னும் அதுலயே இருக்குது. தற்கொலை முயற்சிய குத்தம்னு சொன்ன, பழைய தண்டனைச் சட்டத்துல இருந்த 309ஆம் பிரிவு 2024 ஜூலை 1ல இருந்து அமலான புதுச் சட்டத்துல இல்ல. ஆபீஸ்ல பேசறவங்களுக்கு இதச் சொல்லுங்க.

அவரு வர்ற அன்னைக்கு கூட்டமா போய் நிக்காதீங்க, ஒதுங்கியும் போகாதீங்க. "வாங்க, வந்தது சந்தோசமுங்க, உங்க டேபிள் அப்படியேதான் இருக்குது"ன்னு சொன்னாப் போதும். ஏன் எதுக்குன்னு யாரும் கேக்க வேண்டாம். "புள்ள குட்டிய நெனச்சுப் பாத்தீங்களா"ன்னு கேக்கற ஆளு ஒருத்தர் எல்லா ஆபீஸ்லயும் உண்டு, நல்லெண்ணத்துல கேக்கறவர்தான், அவரத்தான் முன்கூட்டியே தனியாப் பாத்து சொல்லி வெக்கோணும். வேலையும் சும்மா உக்கார வெக்கற மாதிரி இருக்கக் கூடாது, முழு பாரமும் ஏத்தக் கூடாது, எவ்வளவு எடுத்துக்கறீங்கன்னு அவர்கிட்டயே கேளுங்க. மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒருத்தர் கூட உக்காரட்டும், தெனமும், மொத வாரத்தோட நின்னு போகாம. நல்லா ஆயிட்டாருன்னு எல்லாரும் நெனச்சுக்கற அந்த மொத சில மாசந்தான் கவனமா இருக்க வேண்டிய காலமுங்க.

பல்லடம்: எங்க மில் ஹாஸ்டல்ல ஒடிசா, பீகார் புள்ளைங்க 60 பேரு. ஒரு புள்ள அழுதுட்டே இருக்குது, எனக்கு பாஷை தெரியல. வார்டனா நான் என்ன பண்றது?

மேல சொன்ன அதே 14416ல இந்தி, ஒடியாவும் பேசறாங்க. உங்க ஃபோன்ல போட்டுக் குடுத்துட்டு வெளிய உக்காந்துக்கோங்க. அதே ஊரு புள்ள ஒருத்திய தொணைக்கு வெக்கலாம், ஆனா அழுகற புள்ளகிட்ட கேட்டுட்டு வெய்யுங்க, ஊருக்கு சேதி போயிருமோன்னு பயப்படும். ஊட்டுக்கு ஃபோன் பேச வாரத்துல ஒரு நாள்தான்னு விதி வெச்சிருந்தீங்கன்னா அத மொதல்ல எடுத்துருங்க.

பொள்ளாச்சி: டாக்டரப் பாக்கோணும்னா எங்க போறது? மணிக்கு ஆயிரம் ரெண்டாயிரம்னு கேக்கறாங்களே.

பெரியாஸ்பத்திரிக்கு போங்க. கோவையில திருச்சி ரோட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, திருப்பூர், நாமக்கல், சேலம், பெருந்துறை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரின்னு எல்லா எடத்துலயும் மனநலப் பிரிவு இருக்குது, வைத்தியமும் மாத்திரையும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டம்னு ஒண்ணு இருக்குது, அந்த டாக்டருங்க தாலுகா ஆஸ்பத்திரிக்கும் முறை வெச்சு வர்றாங்க, உங்க ஊரு ஆஸ்பத்திரியில என்ன கெழமைன்னு கேளுங்க.

மாசம் 21,000 ரூபாய்க்குள்ள சம்பளம் வாங்கறவங்களுக்கு இ.எஸ்.ஐ.ன்னு தொழிலாளர் காப்பீட்டுக்கு புடிக்கறாங்கல்ல, அதுல மனசு வைத்தியமும் சேத்திதான், நெறைய பேருக்கு இது தெரியறதே இல்ல. டாக்டர் ஓய்வு எழுதிக் குடுத்தா வருசத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் வரும். கடுமையான மனச்சோர்வு, மனச்சிதைவு மாதிரி நோய் நீண்ட கால நோய்ப் பட்டியல்லயே இருக்குது, ரெண்டு வருசம் சர்வீஸ் இருந்து சந்தா சரியா கட்டியிருந்தா 80 சதவீதம், ரெண்டு வருசம் வரைக்கும் கெடைக்க வழி இருக்குது. நம்ம காசுல புடிச்சதுங்க, தயங்காமக் கேளுங்க.

கோபிசெட்டிபாளையம்: என் கூட மில்லுல வேலை செய்யற ஃப்ரெண்டு "வாழப் புடிக்கல, எதாச்சும் பண்ணிக்கப் போறேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது"ன்னு சத்தியம் வாங்கிட்டான். சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல.

இந்தக் கேள்வி வந்த அன்னைக்கே உங்க நம்பருக்கு கூப்பிட்டுப் பேசிட்டோம். இதே நெலமையில இன்னொருத்தர் இருக்கலாம்கறதுக்காக அச்சுலயும் போடறோம்.

இத்தன பக்கமா ரகசியம் காக்கோணும்னுதான் சொல்லிட்டு வந்திருக்கேன். இது ஒண்ணுக்கு மட்டும் அது கெடையாதுங்க. உசுரு போற விசயத்துல குடுத்த சத்தியத்த மீறலாம், மீறோணும். ஆனா அவனுக்குத் தெரியாம முதுகுக்குப் பின்னாடி சொல்லாதீங்க. "டேய் மாப்ள, சத்தியம் பண்ணது நெசந்தான், ஆனா நீ சாகறதுக்கு நான் தொணையா இருக்க முடியாது, உங்க அக்காகிட்ட சொல்லலாமா, இல்ல மாமன்கிட்ட சொல்லலாமா, நீயே சொல்லு, நானும் கூட வர்றேன்"னு கேளுங்க. யார்கிட்ட சொல்றதுங்கறத அவன் தேர்ந்தெடுக்கட்டும். என்ன நெனச்சு வெச்சிருக்கான், எப்பன்னு கேளுங்க, கையில எதாச்சும் வாங்கி வெச்சிருந்தா அத அங்க இருந்து எடுத்துருங்க. தனியா விடாதீங்க, ராத்திரி உங்க ஊட்டுலயே படுக்க வெய்யுங்க. 14416க்கோ, அரசு மருத்துவ உதவி நம்பர் 104க்கோ ரெண்டு பேரும் உக்காந்து ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்க. இப்பவே எதாச்சும் பண்ணிருவான்னு தோணுனா 108. காலைல ஷிஃப்ட்டு போனாலும் பரவால்ல, பெருந்துறை ஆஸ்பத்திரிக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க, ஓ.பி. சீட்டு வாங்கிக் குடுத்து, டாக்டர் ரூம் வரைக்கும் கூடப் போயிட்டு, அவன் வெளிய வர்ற வரைக்கும் அங்கயே இருங்க. மில்லுல கேட்டா காய்ச்சல்னு சொல்லிக்கலாம்.